ஒழுகும் குழாயும் ஓர் ஆங்கிலப் பாதிரியாரும்

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் ஒரு செருப்பு கதவோரம் பறந்தது. இன்னொன்று காலோடு கூடம்வரை வந்தது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

சமையலறைக் குழாய்தான் பதில் சொன்னது. சொட். சொட்.

நுழைந்தவருக்குப் பதிப்பகத்தில் வேலை. ஆங்கிலப் பொன்மொழிகளைத் திரட்டி, எது யார் சொன்னது, எந்த நூல், எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துப் போடவேண்டும். அலுவலகத்தில் 'மேற்கோளார்' என்றால்தான் தெரியும். யாராவது வணக்கம் வைத்தால்கூட 'இது எதுல வருது?' என்று கேட்கிற ஆசாமி. காலையில் ரோஜாப்பூப் படத்தின்மேல் யார் வாக்கையோ யார் பெயரிலோ போட்டு அனுப்பும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரோடும் சண்டை போட்டு முடித்துவிட்டார். மச்சினனோடு பேச்சுவார்த்தையே கிடையாது. பெயர் மாற்றிப் போடுகிறவன் பிள்ளைபிடிக்கிறவனைவிட மோசம் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் தொகுத்த புத்தகத்தில்தான் இன்று மேலாளர் விரலை வைத்தார். 'குழாய் ஒழுகுவது தண்ணீரின் குற்றமல்ல; பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் குற்றம்.' கீழே ஒரு பழைய ஆங்கிலப் பாதிரியார் பெயர். வாசகர் ஒருவர் மூலநூல் கேட்கிறாராம். நாளைக்குள் அந்த நூலைக் கொண்டுவந்து காட்டவேண்டும். இல்லையென்றால் மேற்கோளார் இனி வீட்டில் உட்கார்ந்தே பொன்மொழி தொகுக்கலாம்.

அந்த வாக்கு கிடைத்த இடம் மனைவியின் வாய். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து பாத்திரம் தேய்த்தபடி, "ஒரு ஆங்கிலப் பாதிரியார் சொல்லியிருக்காராம்" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். மேற்கோளாருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. குழாய் என்பது காலம், தண்ணீர் என்பது ஆன்மா என்று அரைப்பக்கம் விளக்கம் வேறு எழுதினார். சமையலறைப் பக்கம் மட்டும் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"அந்தப் பாதிரியாரை எங்கே படிச்சே? இப்ப சொல்லியாகணும்!"

"எங்கேயும் படிக்கல."

"பின்னே யார் சொன்னா?"

"நான்தாங்க சொன்னேன்."

"நீயா?"

"குழாய் ஒழுகுது, ஒழுகுதுன்னு தொண்டை வத்தக் கத்தினேன். உங்க காதுல விழல. எங்க கடையில உள்ளூர் மாத்திரையை நீட்டினா மூஞ்சியைச் சுளிப்பாங்க. அதே மாத்திரை வெளிநாட்டு அட்டையில வந்தா கேட்டு வாங்கி முழுங்குவாங்க. சரி, இவருக்கும் ஒரு அட்டையில போட்டுக் குடுப்போம்னு குடுத்தேன். நீங்க மாத்திரையை விட்டுட்டு அட்டையை முழுங்கிட்டீங்க!"

மேற்கோளாருக்கு உச்சந்தலைவரை கொதித்தது. மேசையை ஓங்கிக் குத்தினார். கை வலித்ததில் கோபம் இன்னும் ஏறியது.

"மோசடி! பச்சைப் பொய்! பொறக்காத மனுஷனுக்கு அங்கி மாட்டிவிட்டு, என் தலையில கட்டியிருக்கியே! ஒரு பொண்டாட்டி பண்ற வேலையா இது? என் பொழப்பே இந்த மாதிரி ஃபிராடுங்களைப் பிடிக்கிறதுதான்! உன் தம்பியே தேவலாம்!"

அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அவர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

"பாதிரியார் என் கற்பனைதான், ஒத்துக்கறேன். 'பிரசங்கங்கள், இரண்டாம் தொகுதி, எண்பத்தேழாம் பக்கம்'னு போட்டிருக்கே, இது யார் கற்பனைங்க?"

எங்கெங்கோ தேடியும் கிடைக்காமல், அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவரே இறக்கிய சொந்தச் சரக்கு அது. கோபம் துளியும் குறையவில்லை. திட்டுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

"நாளைக்கு மேலாளர்கிட்ட எதைடி காட்டுவேன்?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவர் எனக்குப் போன் பண்ணினார். நீங்க எடுக்கலையாமே. பாதிரியார் புத்தகம் எங்க வீட்டுலதான் இருந்துச்சு, குழாய்த்தண்ணி சொட்டிச் சொட்டிக் கூழாப் போச்சுன்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாரா?"

"நம்பாம என்ன? பயங்கரக் கோபம் அவருக்கு. 'அந்தப் பாதிரியார் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, அதை அச்சுல போட்ட மனுஷனுக்கே உறைக்கலையே'ன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டார்."

இல்லாத பாதிரியார் இனி ஏழேழு பதிப்புக்கும் நிலைத்துவிட்டார். மேற்கோளார் பல்லை நறநறவென்று கடித்தார்.

"என் வேலை இருக்கா, போச்சா? அதைச் சொல்லு முதல்ல!"

"இருக்கு" என்று அவள் ஸ்பானரை எடுத்து நீட்டினாள். "காலையில மேலாளரே நேர்ல வந்து பார்க்கறாராம்."

"எதை, கூழாப் போன புத்தகத்தையா?"

"குழாயை."