தலைவர் கண் சிமிட்டினார்

கையெழுத்துப் போடுவதில்லை என்று தலைவர் தீர்மானம் நிறைவேற்றினார். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். மனைவி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள்.

விஷயம் இதுதான். தலைவர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் ஆலையில் வாழ்நாளின் நல்ல பாதியைக் கொடுத்தவர். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பிறகு ஆலையை மூடினார்கள், சங்கம் கலைந்தது, கொடிக்கம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தூசி மட்டும் வேலையை விடவில்லை. அவருடைய நுரையீரலில் மூன்று ஷிப்டும் பார்த்தது, லீவே எடுக்காமல்.

இப்போது நிர்வாகம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு பழைய தொழிலாளர்களுக்கு மருத்துவ அட்டை தருகிறது. அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு, ஆக்சிஜன் உண்டு. ஆனால் அந்த அட்டையில் தூசி என்ற சொல் எங்கும் கிடையாது. ‘நல்லெண்ண அட்டை’ என்று போட்டிருந்தது.

"தூசியாலதான் இந்த நோயின்னு ஒரு வரி எழுதட்டும், நான் வாங்கிக்கறேன்" என்றார் தலைவர். "நல்லெண்ணமாம்! கழுத்தை நெரிச்சவன் தொண்டைக்கு மிட்டாய் குடுக்கறானா?"

"மிட்டாய்னாலும் வாங்கி வாயில போட்டுக்கலாமே. இருமலாவது நிக்கும்" என்றாள் மனைவி.

அட்டை வாங்கிய பழைய தோழர்களைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை எழுதினார். எழுத மூச்சு இருந்தது. தெருத்தெருவாகக் கொடுக்க மூச்சு இல்லை. மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போன வீட்டிலெல்லாம், அட்டை எப்படி வாங்கினீர்கள் என்றும் விசாரித்துவிட்டு வந்தாள். இந்தச் சங்கதி தலைவருக்குத் தெரியாது.

ஆனாலும் அவள்மேல் சந்தேகம் இருந்தது. நிர்வாகத்தின் அத்தனை தந்திரங்களையும் பார்த்தவர் அவர். எழுதத் தெரியாத தொழிலாளி தூங்கும்போது விரலில் மை தடவி உருட்டிக்கொண்டு போன மேஸ்திரியை நேரில் பிடித்தவர். ஆகவே பெருவிரலை உள்ளே மடக்கி, முஷ்டியை இறுக்கிக்கொண்டுதான் தூங்கினார். அதுவும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு, மனுஷன் தூக்கத்திலும் கோஷம் போடுகிறார் என்று தோன்றும்.

"கையை விரிச்சுத் தூங்குங்க. நரம்பு இழுத்துக்கப் போகுது."

"விரிக்க மாட்டேன். உன் கண்ணு என் பெருவிரல் மேலேயே இருக்கு."

"கைவிரல் எதுக்கு? தேவைப்பட்டா கால்விரல்ல எடுத்துக்கறேன், போதுமா?"

அன்றிலிருந்து தலைவர் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கினார்.

இந்த நிலைமையில் ஒரு மத்தியான நேரத்தில் வீட்டுக்குள் ஒரு புதுப் போன் வந்தது. மனைவியின் தம்பி போன் கடை வைத்திருப்பவன். அவன் கடையிலிருந்து அவளே போய் எடுத்து வந்தாள்.

"எதுக்கு இது?"

"பழசுல படமே தெரியல. இது சல்லிசு. வச்சுப் பாத்துட்டு, பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடு அக்கான்னான். நீங்கதான் நல்லா குத்தம் கண்டுபிடிப்பீங்களே, பாத்துச் சொல்லுங்க."

தலைவர் வாழ்நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடித்தவர். ஆனால் கண்டுபிடியுங்கள் என்று யாரும் அவரை வாய்விட்டுக் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியை இழுத்தார்.

முதலில் முதுகைத் தட்டிப் பார்த்தார். "பாக்கறதுக்குக் கண்ணாடி, தட்டினா பிளாஸ்டிக். நம்ம நிர்வாக இயக்குநர் பேச்சு மாதிரியே இருக்கு. குற்றச்சாட்டு ஒன்று."

"சரி."

"இங்க பாரு, நான் எதையும் தொடறதுக்கு முன்னாடியே உள்ள எத்தனை பேர் குடியேறியிருக்கானுங்க! சீட்டாட்டம் ஒண்ணு. கடன் குடுக்கற கம்பெனி ரெண்டு. ஜோசியம் ஒண்ணு. தொழிலாளி எந்த வரிசையில கெடணும்னு அடுக்கியே வச்சிருக்கான். குற்றச்சாட்டு ரெண்டு."

"பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்குமாம்."

"அது என்ன பெருமை?"

"உங்களைவிடத் தேவலை. நீங்க மத்தியானமே சாய்ஞ்சுடறீங்க."

தலைவர் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு உற்சாகம் வந்தது. உற்சாகம் வந்தால் இருமலும் வரும். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

"அநியாயத்தைக் கேளு. பின்னாடி இருக்கற கேமரா அரைக்குருடு. முன்னாடி இருக்கறது கழுகுக்கண்ணு. தன் மூஞ்சியைப் பாக்கப் பெரிய கண்ணு, ஊரைப் பாக்கச் சின்னக் கண்ணு. இந்தக் காலத்து மனுஷனை அச்சடிச்சு வித்திருக்கான்!"

"செல்பி எடுக்கத்தான் இந்தப் போனையே வாங்கறாங்களாம். தம்பி சொன்னான். எடுத்துப் பாத்துட்டுத் திட்டுங்களேன்."

எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

திரையில் இருந்த ஆள் வெள்ளையாக இருந்தான். கன்னம் மெழுகிவிட்ட தரை மாதிரி வழவழவென்று இருந்தது. மூக்கு கூராகியிருந்தது. அதெல்லாம் போகட்டும். நெற்றியில் தழும்பைக் காணோம்! ஆலை வாசல் தடியடியில் வாங்கிய தழும்பு அது. தையல் போட்ட டாக்டரிடமே மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வாங்கிய தழும்பு. தலைவருடைய ஒரே அசையாச் சொத்து.

"அழிச்சுட்டான்!" என்று கத்தினார். "வரலாற்றையே அழிச்சுட்டான்! ஆலையை இடிச்சானுங்க, பேசாம இருந்தேன். கொடிக்கம்பத்தை எடைக்குப் போட்டானுங்க, பேசாம இருந்தேன்."

"எப்ப பேசாம இருந்தீங்க?"

"இப்ப என் நெத்தியையே தடவிச் சமப்படுத்திட்டான். இது கேமரா இல்ல, நிர்வாகத்தோட கையாள்!"

"கத்தாதீங்க, உதடு நீலமா போகுது. உக்காருங்க." அவள் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "அழகு பண்ற விசையில இருக்கும். மெழுகு பூசாம உள்ளதை உள்ளபடி பாக்கற இடம் ஒண்ணு இருக்காம். அதுல பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லுங்க. எதிர்த்தரப்பையும் கேக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தலைவர் யாரையும் கண்டித்ததில்லை. கேட்ட பிறகு கண்டிக்காமல் விட்டதும் இல்லை. போனை நீட்டினார். அவள் எங்கெங்கோ தட்டினாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு வளையம் வந்தது. அதற்குள் அவர் முகம் உள்ளபடியே தெரிந்தது. குழிவிழுந்த கன்னம், நரைத்த மீசை, நெற்றியில் தழும்பு.

"ஆங்! இவன்தான் ஆளு!"

போன் ஒரு பெண் குரலில் பேசியது. "கண் சிமிட்டவும்."

"என்ன, கட்டளை போடுது?"

"பரிசோதனைங்க. சிமிட்டினா பிடிக்குதான்னு பாக்குது."

தலைவர் சிமிட்டினார்.

"இடது பக்கம் திரும்பவும்."

தலைவர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். "முதல்ல இடது பக்கம் திரும்பச் சொல்லுது பாத்தியா? கொஞ்சம் அரசியல் தெரிஞ்ச மெஷின்தான்."

"வலது பக்கம் திரும்பவும்."

எதிர்ப்பைத் தெரிவிப்பதற்கு ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு அந்தப் பக்கமும் திரும்பினார்.

"புன்னகை செய்யவும்."

இங்கேதான் இழுபறி. தலைவருக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. பல்லைக் காட்டினார். புன்னகை செய்யவும் என்றது போன். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தார். புன்னகை செய்யவும் என்றது. மனைவி போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ஒரு மழைக்கு முதலாளி கார் ஆலை வாசல் சேத்துல மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா? யாரும் கை குடுக்காதீங்கன்னுட்டீங்க. கடைசியில அவரே இறங்கித் தள்ளினார். வெள்ளைப் பேண்ட்டு."

தலைவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். வளையம் பச்சையானது.

சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்து, அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "முன் கேமரா நேர்மையானது. மத்ததெல்லாம் மோசடி. மொத்தத்துல..."

போன் டிங் என்றது.

"மெசேஜ் எழுத்து தெளிவா இருக்கா, அதையும் பாத்துடுங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

தலைவர் மேடைக்குரலில் படித்தார். "உங்கள் முகம் சரிபார்க்கப்பட்டது. நல்லெண்ண..." குரல் இறங்கியது. "நல்லெண்ண மருத்துவ அட்டை ஏற்கப்பட்டது. நாளைக் காலை உள்நோயாளியாகச் சேர..."

தலைவர் தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை இல்லை.

"நான் கையெழுத்துப் போடலையே?"

"யாரு கேட்டா? இப்பல்லாம் கை வேணாமாம், மூஞ்சி போதுமாம். நீங்க கையைப் பொத்தி, காலைப் பொத்தி, மூஞ்சியைத் திறந்து போட்டுட்டுத் தூங்கறீங்க."

"தூங்கும்போதே எடுத்தியா?"

"எடுத்துப் பாத்தேன். பழைய போன்ல மூஞ்சியே விழல. விழுந்தப்போ கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சு. தூங்கறவர் எப்படிச் சிமிட்டுவார்? உசுரோட இருக்கற ஆளுதானான்னு அதுக்குச் சந்தேகமாம்." அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். "எனக்கும் தினம் தினம் அதே சந்தேகம்தான். மூக்குக்கிட்ட விரலை வச்சு வச்சுப் பாக்கறேன். அதான் முன்பக்கக் கேமரா நல்லதா இருக்கற போனாப் பாத்து எடுத்தேன்."

"துரோகம்!"

"ஆமா."

"கருங்காலித்தனம்! என் போராட்டத்தை ஒரு சிரிப்புல வித்துட்டே!"

"வித்துட்டேன். நீங்க போனப்புறம் இரங்கல் கூட்டம் போட்டா நான் யாரோட சண்டை போடுவேன்?"

தலைவர் எழுந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னார்:

"ரத்து பண்றேன். இப்பவே பண்றேன். எங்க தட்டணும்?"

"போன்ல முடியாதாம். ஆளே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லணுமாம். மூணாவது மாடியில."

"லிஃப்ட் இருக்குல்ல?"

"இருக்கு. நோயாளிகளுக்கு மட்டும்."

தலைவர் மூன்றாவது மாடியைப் பற்றி யோசித்தார். அவருடைய கழிவறைக்கு இரண்டு படி. ஒன்று ஏறி நின்று, இளைப்பாறி, பிறகுதான் மற்றது.

"சரி. லிஃப்ட்லயே போறேன். ஆனா ரத்து பண்ணத்தான் போறேன். அதை நல்லா மனசுல வச்சுக்க."

"வச்சுக்கறேங்க."

அவள் பையை எடுத்தாள். துண்டு வைத்தாள், சோப்பு வைத்தாள், டம்ளர் வைத்தாள், சட்டைகளை மடித்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே தலையணையைத் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினாள். ரத்து செய்யப் போகிறவனுக்குத் தலையணை எதற்கு என்று கேட்கத் தலைவர் வாயைத் திறந்தார். அவ்வளவு நீளக் கேள்விக்கு மூச்சு போதவில்லை.