மாமாவின் பார்லி மட்டும் பேசவில்லை

மெதனின்,
வியாழன் மாலை

பேரன்புக்குரிய லஸாத் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள், மாமி, உங்கள் முழங்கால், ஆடுகள் எல்லோரும் நலம்தானே? நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். உங்களுக்கு எழுத அம்மாவுக்குக் கூச்சமாம். அதனால் விதைப்பு விஷயம் என் தலையில் விழுந்தது.

"அண்ணே, உன் பார்லி தாகம் தாங்குது, தைரியமா விதை" என்று அம்மா போனில் கத்தினாளே, அது இப்படித்தான் வந்தது. தண்ணீர் கிடைக்காத செடியின் தண்டுக்குள் காற்றுக்குமிழ்கள் வெடிக்குமாம். அந்தச் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அம்மாவின் கருவி அதைப் பிடித்து ஒலிபெருக்கியில் விடும். ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடிக் கூடத்தில் எல்லாத் தொட்டியிலும் நீங்கள் அனுப்பிய மண்தான், கதவோரத்து வரிசையில் உங்கள் விதை, மற்ற வரிசைகளில் கடையில் வாங்கிய புது விதைகள், முளைத்தபின் யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பள்ளி விட்டதும் நான் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மைக்கை வரிசை வரிசையாக நகர்த்தினால் 'டக்... டக்டக்' என்று யாரோ விரல் சொடுக்கிக் கூப்பிடுவதுபோல் கேட்கும். உங்கள் வரிசைக்கு வந்தால் ஒன்றுமே இல்லை. அம்மா துள்ளிக் குதித்தாள். எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

பிறகு ஒருநாள் காவலாளி மப்ரூக் பெரியப்பா, தொழுகைக்குக் கைகால் கழுவி மிஞ்சிய தண்ணீரை உங்கள் பார்லிக்கு ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன்.

"என்ன பெரியப்பா பண்றீங்க?"

"கத்தாதே கண்ணு. தாகத்துல கெடக்கிற உசுருக்குத் தண்ணி குடுக்காதவன் நாளைக்கு இறைவன் முன்னாடி என்ன மூஞ்சியோட நிப்பான்? உங்கம்மாவுக்கும் சேத்துத்தான் நான் புண்ணியம் தேடுறேன்."

"அப்ப ஏன் இந்த வரிசைக்கு மட்டும்?"

"இது நம்ம ஊருப் பார்லி. மத்ததெல்லாம் கடைச்சரக்கு."

அம்மா போட்ட சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. சமாதானம் செய்ய வந்த அப்பா, தானும் மிஞ்சிய புதினா டீயை அங்கேதான் ஊற்றி வந்ததாக உளறிவிட்டார்.

"டீயா?"

"சர்க்கரை கம்மியாத்தான் போட்டேன், நஜ்லா. மச்சான் பார்லி வாடிப்போச்சுன்னா அவன் என் மூஞ்சியில முழிப்பானா?"

"உங்க ரெண்டு பேரை வச்சுக்கிட்டு பாலைவனத்தையே வெள்ளக்காடு ஆக்கிடலாம்!"

ஆக, உங்கள் பார்லி தாகம் தாங்கவில்லை, விருந்து சாப்பிட்டிருக்கிறது. இப்போது புதுத் தொட்டிகளில் மறுபடியும் உங்கள் மண், அதே விதைகள், முளைத்தும்விட்டன; கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி அம்மாவின் இடுப்பில். முடிவு தெரிவதற்குள் விதைப்பு மழை வந்துவிடும். உங்கள் விதையும் வேண்டாம், கடை விதையும் வேண்டாம், வருஷம் பூராவும் உழைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டாம்; இந்த ஆண்டு நிலத்தைச் சும்மா போட்டுவையுங்கள் என்பது அம்மாவின் முடிவு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாமிக்கு ஸலாம். உங்கள் வீட்டில் எண்ணெயும் மாவும் குறையாதிருக்கட்டும்.

அன்பு மருமகள்,
ரிஹாப்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்முன், புதுத் தொட்டிகளை ஒருமுறை கேட்போம் என்றாள் அம்மா. கடை விதை வரிசைகளில் டக்டக். உங்கள் வரிசையில் ஒன்றுமில்லை. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன், மாவுபோல் உதிர்ந்தது. கருவியில்தான் கோளாறு என்று, விதையே போடாத ஒரு தொட்டியிடம் அம்மா மைக்கை வைத்தாள். வெறும் உங்கள் நிலத்து மண். டக். டக்டக்டக். எல்லாவற்றையும்விடச் சத்தமாக.

"காஞ்ச மண்ணு வெடிக்கும்டி," என்றாள்.

"அப்ப மாமா வரிசையில இருக்கிறதும் காஞ்ச மண்ணுதானேம்மா?"

அவள் மைக்கை உங்கள் வரிசைக்கும் அந்தத் தொட்டிக்கும் மாற்றி மாற்றி வைத்தாள். இத்தனை நாள் சொடுக்கியது செடிகள் இல்லை, மண்தான்; உங்கள் பார்லி நிற்கும் இடத்தில் மட்டும் அது பேசாமலிருக்கிறது, மாமா. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உங்கள் விதையையே விதையுங்கள், நிலத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். வாசற்படியில் வைத்து இதை எழுதுகிறேன். கூடத்து விளக்குகளை அம்மா அணைத்துவிட்டாள்.