சிவப்பாக ஒளிர்ந்த கீரை

தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் ஆய்வுக்கூடத்துப் பக்கமே போகக் கூடாது. நான் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனேன்.

சிங்கப்பூரில் முதல் வேலை. கீரை இலையைப் பொடியாக நறுக்கி நொதியில் ஊறவைத்தால் செல்களின் சுவர் கரைந்துவிடும். சுவரில்லாத செல்கள் உருண்டை உருண்டையாக மிதக்கும். பவளத்திலிருந்து எடுத்த மரபணு ஒன்றை அவற்றுக்குள் புகுத்த வேண்டும். புகுந்தால் செல் சிவப்பாக ஒளிரும். ஆனால் என் கை பட்ட செல்லெல்லாம் உடைந்து பச்சைக் கஷாயமாகிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிய மூன்றே வாரம்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்கள் பிழைத்துக்கொண்டன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்று விடாமல் சிவப்பு. உடனே மனைவி நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"ஷ்யூரா?" என்றாள். சிங்கப்பூரிலேயே பிறந்தவள், எதையும் சட்டென்று நம்ப மாட்டாள்.

"நூறு பர்சென்ட்."

அவள் அப்பா நம்பிவிட்டார். மாப்பிள்ளை கீரையை ஒளிர வைத்துவிட்டார் என்று தேக்கா மார்க்கெட்டில் தெரிந்த கடைக்கெல்லாம் லட்டு கொடுத்தார். (மீன் கடையையும் விடவில்லை.)

திங்கட்கிழமை கூட்டத்தில் படங்களைக் காட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். 'தாவரவியலில் ஒரு திருப்புமுனை' என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். கடைசி வரிசையில் சரோஜா அக்கா இருந்தார். இருபது வருடமாக அங்கே ஆய்வு உதவியாளர்; பேச்சில் சிங்கப்பூர் 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும்.

"தம்பி, ஜீன் போடாத செல்லப் பாத்தீங்களா?"

"அது எதுக்குக்கா? அதுல ஒண்ணும் இருக்காது."

"சும்மா ஒரு தடவ பாப்போம் லா."

எழுந்து போய், மரபணு போடாத செல்களைக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் வைத்தார். பெரிய திரையில் தெரிந்தது. என்னுடையதைவிடப் பிரகாசமான சிவப்பு.

இலையில் இருக்கும் பச்சையம் நுண்ணோக்கியின் வெளிச்சம் பட்டால் தானாகவே சிவப்பாக ஒளிரும். கல்லூரி முதல் வருடப் பாடம். நானும் பாஸாகியிருக்கிறேன்.

எங்கள் தலைவி, ஒரு சீன அம்மையார், திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆரோக்கியமான கீரை" என்றார். (ஆங்கிலத்தில்தான். அவமானம் நன்றாகவே புரிந்தது.)

சரோஜா அக்கா பரிந்து பேசியதால் ஆறு மாதம் நீட்டித்தார்கள். அக்கா பார்க்காமல் ஒரு படத்தையும் நான் வெளியே காட்டக் கூடாது என்பது நிபந்தனை. கொடுத்த லட்டைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை.

இப்போதும் மாமனார் வீட்டில் என் தட்டில் கீரை விழுந்தால், அவர் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் விளக்கை அணைக்கிறார்.

"இருங்க மாப்ள. மொதல்ல செக் பண்ணிடுவோம்."