மாப்பிள்ளை மடியில மயில்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். என் தம்பி தினேஷ பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுலேர்ந்து கிள்ளான் கோயிலுக்கு, முகூர்த்தத்துக்கு முன்னால கொண்டு போய்ச் சேர்க்கணும்.

கல்யாணமே அவனுக்குத்தான். காரும் அலங்காரமும் என் பொறுப்பு.

ரெண்டு ரிப்பன் கட்டி விடறதெல்லாம் ஒரு அலங்காரமா? போலிஸ்டிரீன் நுரைப் பலகைய வெட்டி ஒரு மயிலே செஞ்சேன்! கழுத்து போனட் மேல. தோகை காரோட முன்பக்கம் பூரா, இந்த லைட்டுலேர்ந்து அந்த லைட்டு வரைக்கும். மழையில நனையக்கூடாதுன்னு தோகைக்குப் பின்னால பிளாஸ்டிக் மேசைவிரிப்பு வேற. கயித்தால இறுக்கிக் கட்டிட்டேன்.

ஃபெடரல் ஹைவேல ஏறி கொஞ்ச நேரம்கூட ஆகல. ஏர்கோன்ல சூடா காத்து வருது.

"அக்கா, வேர்க்குதுக்கா."

"கல்யாண மாப்பிள்ளைன்னா வேர்க்கத்தான்லா செய்யும்."

சொல்லிட்டு முன்னால பார்த்தா, டெம்பரேச்சர் முள்ளு சிவப்புல நிக்குது!

ஓரமா நிறுத்தி, முதல் வேலையா என் புருஷன் சிவாவுக்குப் போன் போட்டேன். அவரு கிள்ளான்ல பந்தி வேலைய பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"கார சர்வீஸ் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"போன வாரம்தானே பண்ணேன்! போனட்ட தெறந்து பாரு. ரேடியேட்டர் மூடிய மட்டும் தொட்டுடாத, கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்."

போனட்டையா? தூக்கினா மயில் கழுத்து ஒடிஞ்சிடுமே!

"தெறந்து பார்த்துட்டேன், உள்ள எல்லாம் சரியா இருக்கு"ன்னு கூசாம பொய் சொன்னேன்.

"அப்போ தெர்மோஸ்டாட்டா இருக்கும். இல்ல, வாட்டர் பம்ப் போயிருக்கும்"னாரு பாவம்.

என்ஜின் ஆறினதும் கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சிவப்பு. நிறுத்தினோம். ஆறுச்சு. கிளம்பினோம். சிவப்பு!

ஒரு வீடியோவ தேடிப் பார்த்தேன். வெள்ளக்காரன் ஒருத்தன், ஹீட்டர முழுசா போட்டா என்ஜின் சூடு எறங்கும்னான். நம்ம ஊரு காருல ஹீட்டருக்கு நான் எங்கடா போவேன்?

மோட்டார் சைக்கிள்ல போன ஒரு மலாய்க்காரர் நிறுத்தினாரு. அப்பாடா, உதவிக்கு ஆள் வந்தாச்சுன்னு நெனச்சேன். "காக், சந்தெக் மெராக் நி!" மயில் அழகா இருக்காம். அது கூட ஒரு செல்ஃபி எடுத்துக்கிட்டு போயிட்டாரு.

"அக்கா, டாக்சி கூப்பிடட்டா? தாலி கட்டணும்க்கா!" தினேஷ் அழுவாத குறை.

"மயில விட்டுட்டா? ஒதைப்பேன்!"

அப்பத்தான் கல்யாணப் பொண்ணு கீதா, தலை நிறைய பூவோட வீடியோ கால்ல வந்துச்சு.

"அக்கா, ஐயர் மாப்பிள்ளைய கேக்கறாரு. எங்க இருக்கீங்க?"

"கார் சூடாவுதும்மா. தெர்மோஸ்டாட் கோளாறு. அது கெடக்கட்டும், இதப் பாரு!"ன்னு கேமராவ மயில் பக்கம் திருப்பினேன்.

கீதா திரைக்குக் கிட்ட வந்து, மயில மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துச்சு.

"மயிலு ரொம்ப அழகுக்கா."

"பின்ன!"

"ரேடியேட்டருக்கு காத்து எந்த வழியாக்கா போகும்?"

தினேஷ் என்னைப் பார்த்தான். நான் ஹைவேயப் பார்த்தேன்.

கயித்த அறுத்தோம். பின்னாடி பூட் நிறைய சீர்வரிசைத் தட்டு, அதனால மயில் மாப்பிள்ளை மடியில ஏறுச்சு. அதுக்கப்புறம் கிள்ளான் வரைக்கும் முள்ளு நடுவுலேர்ந்து அசையல. ஏர்கோன் சில்லுன்னு வந்துச்சு. எனக்கு மட்டும் மானம் போயிருச்சு.

கோயில் வாசல்ல நாதஸ்வரம் முழங்க, தினேஷ் மயிலக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே எறங்கினான். வாங்கி வைக்க ஒருத்தரும் வரல. "மாப்பிள்ளை வீட்டு வழக்கம் போலருக்கு"ன்னு யாரோ சொன்னாங்க. ஆரத்தி எடுத்த ஆன்டி மயிலுக்கும் சேர்த்துச் சுத்திட்டாங்க. தாலி நேரத்துக்குக் கட்டியாச்சு, அது போதும்.

"தெர்மோஸ்டாட்ட மாத்தணுமா?"ன்னு சிவா கேட்டாரு. தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

நேத்து செலாயாங்லேர்ந்து ஒரு சொந்தக்கார ஆன்டி போன் பண்ணாங்க. "பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்மா. கோயிலுக்குள்ள வரப்போ மாப்பிள்ளை மயில எந்தக் கையில பிடிக்கணும்?"

வலது கைன்னு சொல்லிட்டேன்.