நீலம் கேட்டால் கத்திரிப்பூ

அச்சகத்திலிருந்து வந்த பொட்டலத்தை வென்சிஸ்லாவ் பிரித்தார். முந்நூறு சுவரொட்டிகள். முந்நூறும் கத்திரிப்பூ நிறம்.

நம்மூர்க் கால்பந்து அணியின் நிறம் நீலம். கத்திரிப்பூ நிறம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருக்கும் த்ராகோவோ அணியுடையது. ஜென்மப் பகை. ஞாயிற்றுக்கிழமை நம் அணியின் நாற்பதாம் ஆண்டு விழா ஆட்டமே அவர்களோடுதான். மாப்பிள்ளை கத்திரிப்பூ நிற டை கட்டி வந்தான் என்பதற்காக, சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தையே பாதியில் நிறுத்தியவர் அணி நிர்வாகத் தலைவர் காத்யோ.

அணியின் செயலாளர் வென்சிஸ்லாவ் அச்சகத்துக்கு ஓடினார்.

"கமேலியா, என்னம்மா இது? என் கம்ப்யூட்டர்ல நல்ல நீலமா இருந்துச்சே!"

"இருக்கும் அண்ணே. திரை வெளிச்சத்தால வரையுது, என் மெஷின் மையால வரையுது. அது பேசுறது இதுக்குப் புரியாது. நடுவுல மொழிபெயர்க்க கலர் புரொஃபைல்னு ஒண்ணு வேணும். உங்க ஃபைல்ல அது இல்ல."

"விடு, நானே சரிபண்றேன். செவப்பு தூக்கலா இருக்கு, அவ்வளவுதானே?"

வீட்டுக்குப் போய்ச் சிவப்பைக் குறைத்தார். மறுநாள் வந்த மாதிரி அச்சில், படத்திலிருந்த பதினொரு ஆட்டக்காரர்களின் முகமும் பச்சை. கோல்கீப்பர் கப்பலில் வாந்தியெடுக்கப் போகிறவன்போல இருந்தான்.

"அண்ணே, புரொஃபைல் வைங்கன்னேன், செவப்பைக் குறைங்கன்னா சொன்னேன்?"

இந்த முறை புரொஃபைல் வைத்தார். பட்டியலில் முதலாவதாக இருந்ததை வைத்தார். அது செய்தித்தாள் காகிதத்துக்கானது. அச்சகத்தின் வழவழப்பான தாளில் எல்லாம் சாம்பல் பூசினாற்போல் வந்தது. நேரமில்லை, போதும் என்று ஒன்றை ரொட்டிக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தார்.

அந்தச் சுவரில்தான் ஊரார் இரங்கல் அறிவிப்புகளும் ஒட்டுவது வழக்கம்.

மதியத்துக்குள், படத்தின் நடுவில் பெரிதாக நின்ற கோல்கீப்பரின் வீட்டுக்கு மூன்று மலர் வளையங்கள் போய்ச் சேர்ந்தன. அவன் அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"எம்புள்ள உள்ள உக்காந்து தயிர் சாப்புட்டுக்கிட்டிருக்கான்! வர்றவங்கல்லாம் என்னைக் கட்டிப்புடிச்சு அழுவுறாங்க!"

அவளுக்குப் பின்னாலேயே தலைவர் காத்யோவும் வந்தார்.

"யோவ் வென்சி! என் போன்ல பாத்தா நீலம். என் பொண்டாட்டி போன்ல பாத்தா ஊதா. சுவத்துல பாத்தா சாவு. நாளைக்குள்ள ஒழுங்கான நீலம் வரலேன்னா செயலாளர் பதவிய மறந்துடு!"

வென்சிஸ்லாவ் கிட்டத்தட்டக் கண்ணீரோடு அச்சகத்தில் நின்றார். கமேலியாவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"திரையை நம்பாதீங்க அண்ணே. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா பொய் சொல்லும். உங்க நீலத்துல கையில தொடுற மாதிரி ஒரு பொருள் கொண்டாங்க. இந்தக் கருவியை மேல வெச்சா நிறத்தை அளந்து சொல்லிடும். அப்படியே அடிச்சுத் தர்றேன்."

இந்த வருடச் சட்டை ஒரு நீலம், போன வருடத்தது வேறு நீலம். எது நிஜ நீலம்?

"முதல் வருஷச் சட்டை!" என்றார், பின்னாலேயே அச்சகத்துக்கு வந்து நின்ற காத்யோ. "ஒண்ணு பெட்டியில பத்திரமா இருக்கு. அதுதான்யா நம்ம ரத்தம்!"

மூவரும் மைதானத்துச் சலவை அறைக்குப் போனார்கள். அணி தொடங்கிய நாளிலிருந்து துணி துவைக்கும் த்ஸோன்கா அக்கா, பெட்டியின் அடியிலிருந்து காகிதம் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாள். காத்யோ தொப்பியைக் கழற்றினார். வென்சிஸ்லாவ் மெதுவாகப் பிரித்தார்.

கத்திரிப்பூ நிறம்.

கமேலியா கருவியை வைத்துப் பார்த்தாள். "முதல்ல அடிச்ச முந்நூறும் அச்சு அசல் இதே நிறம்தான் அண்ணே."

"த்ராகோவோக்காரன் வேலை!" காத்யோ கத்தினார். "ராஸ்கல், புனிதச் சட்டையையே மாத்திவெச்சுட்டுப் போயிருக்கான்! கூப்பிடு போலீசை!"

த்ஸோன்கா அக்கா சட்டையை வாங்கி, சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"யாரும் மாத்தல தம்பி. அன்னைக்கு வந்த பதினஞ்சும் இந்த நிறம்தான், மத்ததெல்லாம் வெளுத்துத்தான் நீலமாச்சு. இது ஒண்ணைத்தான் நான் துவைக்கல."