கோட்டுப் பையில் கோப்பை ரெண்டு

"மீன் வெட்டியாச்சுன்னு அவன்கிட்ட சொல்லு," என்றார் எஜிதியோ.

ஆறடி தள்ளி அடுப்பின் முன்னால் நின்ற நெரேயோவுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும், இருவருக்கும் நடுவில் தகர டப்பா அடுக்கிக்கொண்டிருந்த நீவெஸ் திரும்பி, "வெட்டியாச்சாம்," என்று சொல்லும் வரை அவர் அசையவில்லை.

"கம்பியில கோத்து அனுப்பச் சொல்லு," என்றார் நெரேயோ.

"கோத்து அனுப்பணுமாம்."

"என் காது என்ன செவிடா?" என்றார் எஜிதியோ.

"அப்போ என்னை எதுக்கு நடுவுல நிக்க வச்சிருக்கீங்க? மூணு வாரமா உங்க ரெண்டு பேருக்கும் தபால் தூக்கியே என் தொண்டை வறண்டுபோச்சு!"

அது கொமாக்கியோ ஊரின் விலாங்கு ஆலை. எஜிதியோ மீன் வெட்டுவார், நெரேயோ சுடுவார், வினிகரில் ஊறப்போட்டு டப்பாவில் அடைப்பது மற்றவர்கள் வேலை. பகலில் ஒன்றாக வேலை. சாயங்காலமானால் ஐரிஸின் மதுக்கடையில் தபால்காரரும் கோயில்பிள்ளையும் எதிர்க்கட்சி, இவர்கள் இருவரும் கூட்டாளி. நாற்பது சீட்டு, நாலு பேர். பத்தொன்பது வருஷத்தில் அந்த மேசையில் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் எழுந்து வரும்வரை ஆட்டமே கிடையாது.

புனித மார்ட்டின் திருநாள் ஆட்டத்தில்தான் வந்தது வினை. கடைசிச் சுற்றில் நெரேயோவின் வாய் இடது பக்கம் கோணியது. எங்கள் ஊர் ஆட்டத்தில் வாய் கோணினால், 'துருப்பு இனத்தில் மூணாம் நம்பர் சீட்டு என் கையில் இருக்கிறது, தைரியமாகப் போடு' என்று கூட்டாளிக்கு ஜாடை. எஜிதியோ நம்பி, பெரிய சீட்டை இறக்கினார். எதிர்க்கட்சி அதை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. நெரேயோ அன்று மதியம்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். வீக்கம்.

"பல்லு புடுங்கினவன் வாய்க்கும் ஜாடை காட்டுறவன் வாய்க்கும் வித்தியாசம் தெரியாதாடா உனக்கு? தடி துருப்பா இருக்கும்போது கோப்பை ரெண்டு மாதிரி ஆளுடா நீ!" என்று கத்தினார் நெரேயோ. தடியும் கோப்பையும் எங்கள் சீட்டின் இனங்கள்; தடி துருப்பானால் சீட்டுக்கட்டிலேயே எதற்கும் உதவாத சீட்டு கோப்பை ரெண்டு. எங்கள் ஊரில் ஒருவனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. எஜிதியோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, சூப்பைச் சூடாக்கிக் குடித்து, ஜன்னலில் உட்கார்ந்து பனியைப் பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. நவம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் பனி கால்வாயிலிருந்து எழுந்து முதலில் படகை விழுங்கும், பிறகு பாலத்தை, பிறகு எதிர்வீட்டை. ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்கு உலகத்தில் தான் ஒருத்தன்தான் மிச்சம் என்று தோன்றிவிடும். எஜிதியோவுக்குத் தோன்றியது. அதுதான் அவருடைய பயமும்.

நீவெஸ் தொண்டை வறண்டதாகக் கத்திய அன்று சாயங்காலம், பகலெல்லாம் ஆலை ஆணியில் தொங்கிய கோட்டின் பையில் சாவியைத் தேடிய விரலுக்கு ஒரு சீட்டு தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தார். கோப்பை ரெண்டு.

"பாவிப்பய! வாயால திட்டினது போதாதுன்னு பையிலயும் போட்டுட்டான்!"

அந்தக் கோபத்தோடு கீழ்வீட்டு ஆர்ஜியாவின் கதவைத் தட்டினார். ஆர்ஜியா தாரோட்டுச் சீட்டு பார்த்துப் பலன் சொல்பவள். அவள் சமையலறை மேசையில் மாவு இல்லாத நேரத்தில் சீட்டு இருக்கும், சீட்டு இல்லாத நேரத்தில் மாவு இருக்கும்.

"அவமானமா? இதுவா?" ஆர்ஜியா கையைத் துடைத்துக்கொண்டு தன் கட்டிலிருந்து ஒரு பெரிய சீட்டை எடுத்து அருகில் வைத்தாள். "பாருங்க. என் கட்டுல கோப்பை ரெண்டு இதுதான். ரெண்டு பேர் எதிரும் புதிருமா நிக்கிறாங்க. ஆளுக்கொரு கோப்பை. ரெண்டும் ஒரே உயரம். ஒருத்தர் ஊத்த ஒருத்தர் வாங்கிக்கிற கதை இல்ல இது, ரெண்டு பேரும் ஊத்துறாங்க, ரெண்டு பேரும் குடிக்கிறாங்க. கட்டு பூராத் தேடினாலும் இதைவிட நல்ல சீட்டு கிடைக்காது எஜிதியோ."

"ஆனா நெரேயோ..."

"திட்டுறவன் நாலு பேருக்குக் கேக்குற மாதிரி திட்டுவான். சத்தமில்லாம பையில போடுறது நேசம். யாரோ உங்களைத் தினமும் பாக்குறாங்க. நீங்களும் பாக்குறீங்க. ஆனா பேசிக்கிறதில்ல. அவங்க கோப்பையை நீட்டியாச்சு. இப்ப உங்க முறை."

எஜிதியோ படியேறி வந்தது அவருக்கே தெரியவில்லை. அன்று ஜன்னலுக்கு வெளியே இருந்த பனி வேறு பனி. அதற்குள்ளே எங்கேயோ ஒரு விளக்கு எரிந்தது. அந்த விளக்கின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டிருந்தாள். முகம்தான் தெரியவில்லை.

விடிவதற்குள் முகமும் தெரிந்துவிட்டது. ரோமில்டா! வெட்டு மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பீப்பாய் பீப்பாயாக வினிகரை ருசி பார்த்துத் தரம் சொல்பவள். எட்டு வருஷமாக எதிரும் புதிரும். அவரிடம் பேசியது ஒரே வாக்கியம், 'கையைக் கழுவுங்க.' நாள் முழுக்க அவள் கையில் இருப்பது என்ன? கோப்பை!

மறுநாள் காலை எஜிதியோ வீட்டிலிருந்து சிவப்பு ஒயினும் இரண்டு கோப்பைகளும் கொண்டுபோனார். இரண்டிலும் ஒரே அளவு ஊற்றி, ஒன்றை ரோமில்டாவின் முன்னால் வைத்தார். நேசத்துக்குப் பேச்செதற்கு?

ரோமில்டா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்னால் வைத்த கோப்பையை ருசி பார்ப்பது அவள் தொழில். அடுத்த பீப்பாயின் வினிகர் என்று நினைத்து முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்தாள், வாளியில் துப்பினாள்.

"புளிப்பே ஏறல. ஏழாம் நம்பர் பீப்பாய் வேண்டாம், திருப்பி அனுப்புங்க!"

ஏழாம் நம்பர் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு பீப்பாய்தான். வினிகர் இல்லாமல் சுட்ட மீனை என்ன செய்வது? அடுப்பை அணைக்கச் சொன்னார்கள்.

"எவன் பீப்பாயை நிறுத்தினதுன்னு கேளு!" என்றார் நெரேயோ.

"எவன்னு கேக்குறார்," என்றாள் நீவெஸ்.

எஜிதியோ ஓடிப்போய் ரோமில்டாவிடம் குனிந்தார். "அது வினிகர் இல்லீங்க. ஒயின்."

"வேலை நேரத்துல எனக்கெதுக்கு ஒயின்?"

எஜிதியோ சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். ரோமில்டாவுக்குப் புரியவில்லை. நீவெஸுக்குப் புரிந்துவிட்டது. அவளும் ஆர்ஜியாவிடம் பலன் கேட்பவள்.

"கோப்பை ரெண்டு! மாதாவே! நம்ம எஜிதியோவா!"

பீப்பாய் திரும்பி வருவதற்குள் செய்தி ஆலையைச் சுற்றி வந்துவிட்டது. அடுத்த நாள் ரோமில்டா தலைமுடியைச் சுருட்டி, கழுத்தில் ஊதாப்பூ வாசனைத் தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள். வாசனைத் தண்ணீர் போட்ட மூக்கால் வினிகரை எப்படி முகர்வது? முதல் பீப்பாயில் ஊதாப்பூ மணக்கிறது என்றாள். இரண்டாவதிலும் ஊதாப்பூ. வந்த மூன்று பீப்பாயையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுப்பு மறுபடியும் அணைந்தது.

"இந்த நேசத்தைச் சீக்கிரம் முடிச்சுக்கச் சொல்லு. கிறிஸ்துமஸுக்கு மீன் போகணும்," என்றார் நெரேயோ. குரலில் சுரத்தே இல்லை.

எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று வேலை முடிந்ததும் எஜிதியோ ரோமில்டாவை நடக்கக் கூப்பிட்டார். பனியில் மூன்று பாலம் ஏறி இறங்கினார்கள். கால் தரையில் பட்டதாகவே அவருக்கு நினைவில்லை. கீழே தண்ணீர் தெரியவில்லை. மிதந்துபோகும் படகிலிருந்து யாரோ இருமும் சத்தம் மட்டும் வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு பக்கத்தில் ஒரு ஆள். எஜிதியோ பேசினார், பேசினார், அவ்வளவு நன்றாகப் பேசினார்.

மூன்றாவது பாலத்தில் ரோமில்டா நின்றாள்.

"உங்களை ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க ரோமில்டா."

"ஒரு மணி நேரமா பேசிட்டு வர்றீங்க. நெரேயோ படகைக் கவுத்தது, நெரேயோ கோயில் மணியை அடிச்சது, நெரேயோ பாடுனா நாய் குரைக்கிறது. நெரேயோங்கிற பேரை நாப்பத்தி மூணு தடவை சொல்லிட்டீங்க. நான் எண்ணிட்டே வர்றேன். என் பேரை இப்பத்தான் முதல் தடவையா சொல்றீங்க."

எஜிதியோ அவசரமாகப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

"அந்தச் சீட்டை நான் போடல. எனக்குச் சீட்டாடவே தெரியாது," என்றாள் ரோமில்டா. பிறகு கொஞ்சம் சிரித்தாள். "ஆனாலும் எட்டு வருஷத்துல ருசி பார்த்ததுலயே அந்த ஒயின்தான் நல்லா இருந்தது. துப்பினதுக்கு மன்னிச்சிடுங்க." அவள் பனிக்குள் போனாள், செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பாலத்தில் கேட்டது.

ரோமில்டா மறுத்த செய்தி ஆலைக்கு எட்டவில்லை. சனிக்கிழமை எஜிதியோவின் வெட்டு மேசை மேல் ஒரு பெட்டி காத்திருந்தது. எல்லாரும் சேர்ந்து வாங்கிய கல்யாணப் பரிசு. தங்கக் கோடு போட்ட பன்னிரண்டு காப்பிக் கோப்பைகள். திருப்பிக் கொடுக்கப் போனால், "வெக்கப்படாதீங்க!" என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

நீவெஸ் மெதுவாக அருகில் வந்தாள். "நெரேயோ வாழ்த்துச் சொல்லச் சொன்னார். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வேற ஆளைப் பாத்துக்கவும் சொன்னார்."

அது எஜிதியோவுக்கு வலித்தது. கல்யாணமே இல்லை, சாட்சி எதற்கு? இருந்தாலும் வலித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஆர்ஜியா வீட்டுக்குப் போனார்.

"உங்க சீட்டு என்னை ஊர் சிரிக்க வச்சிடுச்சு!"

"சீட்டு பையில தலைகீழா இருந்துச்சோ?" என்றாள் ஆர்ஜியா. "தலைகீழா வந்தா பலன் மாறும். ரெண்டு பேருக்கு நடுவுல பிணக்குன்னு அர்த்தம்."

"பைக்குள்ள இருந்த சீட்டுக்குத் தலை எது, கால் எது? கோட்டே சில நேரம் தலைகீழாத்தான் தொங்குது!"

ஆர்ஜியா சீட்டை வாங்கி முதல் தடவையாகத் திருப்பினாள். இத்தனை நாளும் இருவரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பச்சைக் கட்டம், மூலையில் ஒயின் கறை.

"இது ஐரிஸ் கடைச் சீட்டு இல்ல?"

எஜிதியோ சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். ஐரிஸ்! புருஷனை இழந்து பத்து வருஷம். காலையிலிருந்து ராத்திரி வரை கோப்பை கழுவி, கோப்பை துடைத்து, கோப்பை நீட்டுகிறவள். மூன்று வாரமாக அவர் அந்தப் பக்கம் போகாததில் அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆலைக்கு டப்பா வாங்க வந்தபோது கோட்டில் போட்டிருப்பாள்.

"சீட்டை அதோட கட்டுக்கே கொண்டு போங்க," என்றாள் ஆர்ஜியா. "மிச்சத்தை அதுவே சொல்லும்."

எஜிதியோ தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டார். பெட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்துப் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டார். வெளியே பனி இன்னும் வெளுத்திருந்தது. பாதி தூரத்தில், கடைக்குள் போனால் அங்கே நெரேயோ இருப்பாரே என்ற நினைப்பு வந்தது. கால் ஏன் வேகமாகப் போகிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

கதவைத் திறந்தார். மூலை மேசையில் தபால்காரர், கோயில்பிள்ளை, நெரேயோ. நாலாவது நாற்காலி காலி. நெரேயோ ஒரு கணம் நிமிர்ந்தார். சட்டென்று சீட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தபால்காரரிடம், "கதவைச் சாத்தச் சொல்லுங்க, பனி உள்ள வருது," என்றார். அவர் வாய் இடது பக்கம் கோணியிருந்தது. வீக்கம் எப்போதோ வடிந்திருக்க வேண்டுமே?

எஜிதியோ அதை நின்று யோசிக்கவில்லை. நேராக ஐரிஸிடம் போய் இரண்டு கோப்பைகளையும் வைத்து, நடுவில் சீட்டை வைத்தார்.

"எனக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு ஐரிஸ். நான் இல்லாம இந்த மூணு வாரம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க. வாயால சொல்ல முடியாம இதைக் கோட்டுல போட்டிருக்கீங்க."

ஐரிஸ் கோப்பையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், வாரிய தலையைப் பார்த்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்து மூலை மேசைப் பக்கம் வீசிக் காட்டினாள்.

"நான் எதுக்குய்யா போடுறேன்? நீங்க வராம மூணு பேரா ஆடுறாங்க, நாப்பது சீட்டு மூணு பேருக்குச் சமமாப் பிரியாதுன்னு தினமும் இந்தக் கோப்பை ரெண்டைத்தான் எடுத்து வெளிய வச்சாங்க. அது அந்தக் காலி நாற்காலி முன்னால தனியாக் கெடக்குறதைப் பாக்க முடியலைன்னு உங்க கோட்டுல கொண்டுவந்து போட்டது, அதோ, அழுகையை அடக்க வாயைக் கோணிக்கிட்டு உக்காந்திருக்கே, அந்த ஆளு!"