இடது முன்சக்கரத்தில் ஒரு கடக்

விடுமுறை நெருங்க நெருங்க ஸ்பானர் காலண்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஸ்பானர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். மற்றபடி அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் கையில் ஒரு ஸ்பானர் ஏறிவிடும். அதை வைத்து அவர் இதுவரை ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. தன் பழைய காரின் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்பார். "இன்ஜின் பேசுது" என்பார். என்ன பேசியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலண்டர் திரும்பியதற்குக் காரணம் சகலை. அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர். விடுமுறை என்றால் அது முழுக்க அக்கா வீட்டில்தான் என்பது மனைவி போட்ட சட்டம். சகலை நல்ல மனிதர்தான். கை நிறையச் செய்வார், வாய் நிறையப் பேசுவார். அந்த வாய்தான் பிரச்சினை. இவர் கார் வாசலில் நின்றதுமே ஓடிவந்து பானெட்டைத் தட்டி, "இன்னும் இதையேதான் ஓட்டறீங்களா?" என்பார். அப்புறம் தன் புது வண்டியில் உட்காரவைத்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக் காட்டுவார். ஒரு பட்டனை அமுக்கினால் சீட்டு சூடாகும். ஸ்பானருக்கு அதற்கு முன்னாலேயே எல்லாம் சூடாகியிருக்கும்.

இந்த முறை ஸ்பானர் சபதம் எடுத்தார். பல் தேய்த்துக்கொண்டே, வாய் நுரையோடு எடுத்த சபதம். 'விடுமுறை முழுக்க என் சோஃபா, என் மின்விசிறி, என் தூக்கம். பூமியே பிளந்தாலும் சகலை வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்!'

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காபி டம்ளரை எடுத்துக்கொண்டார். முகத்தை நீளமாக்கிக்கொண்டார்.

"வண்டியில ஒரு கோளாறு."

"என்னவாம்?" மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"இடது முன்சக்கரத்துல கடக்னு ஒரு சத்தம். பிரேக்கா இருக்கலாம். சஸ்பென்ஷனா இருக்கலாம். உயிரோட விளையாட முடியாது பாரு."

"மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

"கடைய மூடிட்டுப் போயிட்டாரே! விடுமுறை முடிஞ்சுதான் திறப்பார்." இதை நேற்றே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்திருந்தார்.

"அப்போ வித்துடலாம்."

ஸ்பானருக்குக் காபி புரையேறியது. "எதை?"

"உங்க தலையையா விக்க முடியும்? வண்டியத்தான். உயிருக்கு ஆபத்துன்னு நீங்களே சொல்றீங்க. யாராவது இரும்புக்கு எடுத்தா தள்ளிவிடச் சொல்லி அத்தானும் போன தடவையே சொன்னார்."

ஸ்பானர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். கோளாறு ஊருக்குப் போக முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். விற்கத் தேவையில்லாத அளவுக்குச் சின்னதாகவும் இருக்கவேண்டும். இப்படி அளவெடுத்துத் தைத்த கோளாறு எந்தக் கடையில் கிடைக்கும்?

"சே, விக்கிற அளவுக்கெல்லாம் இல்ல. எதுன்னு கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம்."

"அப்போ நீங்களே கண்டுபிடிங்களேன்." மனைவி இப்போதுதான் திரும்பினாள். குரலில் தேன் ஒழுகியது. "மெக்கானிக்குக்குக் கைதான் இருக்கு, உங்களுக்குக் காது இருக்கு. இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு அப்படி ஒரு காது?"

கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. அந்தக் காது சிவந்துவிட்டது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மாடிவீட்டுக்காரர் பல் குச்சியோடு இறங்கிவந்தார். வேலை எதுவாக இருந்தாலும் வேடிக்கை பார்க்க முதல் ஆள் அவர்தான்.

"என்னண்ணே, வண்டி படுத்துடுச்சா?"

"படுக்கலப்பா. டெஸ்ட்டு. இந்த மூலைய அமுக்கிட்டு விடு. ஒரு தடவை எழும்பி நின்னா சஸ்பென்ஷன் நல்லா இருக்கு. தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருந்தா போச்சு."

மாடிவீட்டுக்காரர் தொங்கி அமுக்கினார். விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி, மரியாதையாக நின்றது. ஸ்பானருக்குப் பெருமையாகவும் இருந்தது, பகீரென்றும் இருந்தது.

"ஆடவே இல்லையே அண்ணே! கல்லு மாதிரி நிக்குது!" அந்த ஆள் உற்சாகம் தாங்காமல் நாலு மூலையையும் அமுக்கிவிட்டார்.

"காலி வண்டியில எப்படிய்யா தெரியும்?" என்று ஸ்பானர் சமாளித்தார். "எடை ஏத்தினாத்தான் உண்மை வெளிய வரும்."

"எடைதானே? நான் ஏத்தறேன்." மனைவி எப்போது வாசலுக்கு வந்தாள் என்றே தெரியவில்லை. உள்ளே ஓடினாள்.

ஸ்பானர் தரையில் குந்தி, டார்ச் அடித்து, இடது சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் டிக்கி திறந்தது. தொம். இன்னொரு தொம். டிக்கி மூடியது. வீட்டுக் கதவு பூட்டப்படும் சத்தமும் கேட்டது. கார் சத்தமாக இருந்தால் அவர் காது அதைப் பிடித்திருக்கும்.

"கிளம்புங்க. நிக்கிற வண்டியில சத்தம் வருமா?" என்று மனைவி தண்ணீர் பாட்டிலோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சத்தம் இடது பக்கம்தானே? நானும் இடது பக்கம்தான். சேர்ந்தே கேக்கலாம்."

தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவது, முகத்தைத் தொங்கப்போட்டு, 'சந்தேகமாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டு சோஃபாவில் விழுவது. அவர் போட்ட கணக்கு அதுதான். தெருமுனையில் ஒரு சின்னப் பள்ளம் வந்தது.

கடக்!

ஸ்பானருக்கு முதுகில் மயிர் சிலிர்த்தது. தான் வாயால் விட்ட பொய் சக்கரத்தில் போய் ஏறிக்கொண்டதா?

"கேட்டுதா?" என்றாள் மனைவி, கண்ணை அகல விரித்து.

"கேட்டுது! கேட்டுது! நான் சொன்னேன்ல!" சோஃபா, மின்விசிறி, தூக்கம் எல்லாம் ஜன்னல் வழியே பறந்தன. ஆயுசிலேயே முதல் தடவையாக அவருக்கு ஒரு நிஜக் கோளாறு கிடைத்திருக்கிறது! "இரு இரு. இதுக்கு ஒரு வழி இருக்கு. அடுத்த பள்ளத்துல பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே போவேன். சத்தம் நின்னா பிரேக். நிக்கலன்னா சஸ்பென்ஷன். புரியுதா?"

"நின்னா பிரேக். நிக்கலன்னா சஸ்பென்ஷன்," என்று மனைவி சமர்த்தாகத் திருப்பிச் சொன்னாள்.

அடுத்த பள்ளம். பிரேக்கைத் தொட்டார். சத்தமே இல்லை.

"பிரேக்! பிரேக்கேதான்! பேடு தளர்ந்துருக்கு!" ஸ்பானர் ஸ்டியரிங்கை அடித்தார். அது ஹாரன். முன்னால் போன சைக்கிள்காரர் ஓரமாகப் பாய்ந்தார்.

"எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு பள்ளம். பிரேக்கைத் தொட்டார். கடக்! கடக்!

"அட! சஸ்பென்ஷனும் கூட!"

"ரெண்டுமாங்க?"

"ரெண்டும்தான்! இந்த மாதிரி கேஸ் லேசுல வராது தெரியுமா!" பிள்ளை முதல் மார்க் வாங்கினால்கூட அப்படிப் பூரித்திருக்கமாட்டார்.

ஆள் இல்லாத நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டார். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கோளாறு என்றார். வண்டி கோடு போட்டதுபோல நின்றது. இறங்கிப்போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சூடாக இருக்குமாம். வலது சக்கரம் விரலைச் சுட்டது. "ஆ! வலது சூடு!" இடது சக்கரமும் சுட்டது. "ஆ! இதுவும் சூடு!" பின்சக்கரங்களைத் தொட விரல் மிச்சமில்லை.

"வீட்டுக்குத் திரும்பிடலாமாங்க?" என்றாள் மனைவி, விரலை ஊதிவிட்டுக்கொண்டே. "பாவம், களைச்சுட்டீங்க."

"திரும்பறதா? இப்பவா? நீ சும்மா இரு!"

"அப்போ கொஞ்சம் வேகத்துல எப்படின்னு பார்க்கணுமோ? பெரிய ரோட்டுல?"

ஸ்பானர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீ பாதி மெக்கானிக்டி!"

பெரிய ரோட்டில் ஏறினார்கள். வேகத்தில் நெடுநேரம் சத்தமே இல்லை. அவர் உற்சாகம் வடிந்து, திரும்புகிற இடம் எங்கே என்று தேடினார். கடக்! மறுபடி தலை நிமிர்ந்தது. பாலம் வந்தது. "பாலத்து இணைப்புல கேக்குமோ?" என்றாள். கேட்டது. இறக்கம் வந்தது. "இறக்கத்துல?" என்றாள். அங்கேயும் கேட்டது. ஸ்பானர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே விட்டு, காற்றில் முடி பறக்க ஓட்டினார். ஊர்ப் பலகைகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் கண்ணைத்தான் ரோட்டில் வைத்திருந்தார். மனசு முழுக்கக் காதில் இருந்தது.

"இந்தத் திருப்பத்துல திரும்புங்க. உள்ள வேகத்தடை நிறைய இருக்கும். நல்லா கேக்கலாம்."

"சபாஷ்!"

திரும்பினார். ஒரு வேகத்தடை. கடக்! இன்னொன்று. கடக்! மூன்றாவதைத் தாண்டினால் ஒரு பச்சை கேட். கேட்டுக்குள்ளே பளபளவென்று ஒரு புது வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சகலை.

ஸ்பானரின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பிரேக் அருமையாகப் பிடித்தது.

"வாங்க வாங்க சகலை! இன்னும் இதையேதான்..."

மனைவி அதற்குள் இறங்கி டிக்கியைத் திறந்துவிட்டாள். சஸ்பென்ஷன் டெஸ்ட்டுக்கு ஏற்றிய எடை வெளியே வந்தது. இரண்டு பெட்டி. ஒன்றில் அவர் வேட்டி சட்டை, ஷேவிங் செட், தலைவலித் தைலம் உட்பட எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. ஓடிவந்த அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து, ஆளுக்கொரு பெட்டியோடு உள்ளே போனார்கள்.

ஸ்பானர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "நான் இறங்க முடியாது சகலை. வண்டியில பெரிய கோளாறு. உடனே திருப்பி எடுத்துட்டுப் போய்..."

"கோளாறா? இருங்க, நானும் கேக்கறேன்," என்று சகலை முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஸ்பானருக்கு அதுவும் நல்லதாகப் பட்டது. தன் காதின் அருமையை இந்த மனிதரும் தெரிந்துகொள்ளட்டுமே! வேகத்தடை மேல் ஓட்டினார். சத்தமில்லை. பிரேக்கைத் தொட்டு ஓட்டினார். சத்தமில்லை. தெருவிலிருந்த அத்தனை பள்ளத்திலும் தேடித் தேடி இறக்கினார். வண்டி பஞ்சுமெத்தை போலப் போனது.

"பரவாயில்லையே சகலை," என்றார் சகலை. குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதை இருந்தது. "என் வண்டியே இந்தத் தெருவுல கொஞ்சம் குலுங்கும். ஆமா, இது என்ன, காலுக்கடியில உருளுது?"

குனிந்து எடுத்தார். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். நேற்றுவரை வழவழவென்று இருந்த பாட்டில். இப்போது வயிறு முழுக்க ஒடுக்கு. சீட்டின் இரும்புக் காலிலும் பாட்டில் மோதிய இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது.

'நின்னா பிரேக். நிக்கலன்னா சஸ்பென்ஷன்.' எவ்வளவு சமர்த்தாகத் திருப்பிச் சொன்னாள்!

ஸ்பானர் பச்சை கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பினார். உள்ளேயிருந்து அக்காவும் தங்கையும் சிரிக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"சத்தம் சத்தம்னீங்களே," என்றார் சகலை, பாட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே. "எங்க சகலை அது?"

ஸ்பானர் பெருமூச்சு விட்டார்.

"அது நமக்கு முன்னாடியே இறங்கி, பெட்டியத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுச்சு."